'நார்மல்' என்று எழுதிய குழாய்

அந்தக் கோடையில் என் அறைத்தோழி சாவுக்கு மிக அருகில் போய்விட்டு வந்தாள். அதை முதலில் தெரிவித்தது ஒரு கருவி. கருவிதான் தவறு என்று முடிவுகட்டி நாங்கள் அதைத் திருத்தினோம். திருகைத் திருப்பிய கை என்னுடையது.

எழுபதுகளின் கடைசி. தெற்கு டெல்லியில் ஓர் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். விலங்குகளின் உடல் தண்ணீரையும் உப்பையும் எப்படி அளவோடு வைத்துக்கொள்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. பேராசிரியர் ஒருவர், டெக்னீஷியன்கள் இரண்டு பேர், விலங்குகளைப் பார்த்துக்கொள்ள ஹரியானாக்காரர் ஒருவர். அவரை எல்லோரும் பையா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். எலி அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். ஏன் என்று கேட்டதற்கு, "இதுங்க பார்க்குதுங்க" என்று மட்டும் இந்தியில் சொன்னார்.

உண்மைதான், அவை பார்க்கும். வாசலை ஒட்டிய பத்துக் கூண்டுகளில் ராஜஸ்தான் பக்கம் பிடித்து வந்த பாலைவன எலிகள் இருந்தன. அவை தண்ணீர் குடிப்பதில்லை. தினமும் காலையில் பாட்டிலின் அளவைக் குறிப்பது என் வேலை. நேற்றைய கோட்டிலேயே இன்றும் தண்ணீர் நிற்கும். காய்ந்த தானியத்தைத் தின்று, அதிலிருந்தே தமக்கு வேண்டிய ஈரத்தை உடம்புக்குள் உண்டாக்கிக்கொள்ளும். கழிப்பது நாளைக்குச் சில சொட்டுகள். தட்டில் அது காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெளியே நூற்றுப் பத்து டிகிரியில் லூ என்கிற கோடை அனல் காற்று அடிக்கும்போது, ஒரு மிடறும் குடிக்காமல் பத்து உயிர்கள் கறுப்புக் கண்களோடு நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் தனியாக நிற்கப் பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஆனால் அவற்றுக்கு அடுத்த வரிசைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அங்கே இருந்தவை சாதாரண வெள்ளை எலிகள், மூன்று கூட்டமாக.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தது போல ஒரு சிறு சுரப்பி உண்டு. அட்ரினல். உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதுதான். அதை வெட்டி எடுத்துவிட்டால் உப்பு சிறுநீரோடு ஓடிக்கொண்டே இருக்கும். உப்பின் பின்னால் தண்ணீரும் ஓடும். முதல் கூட்டத்துக்கு அறுவை கிடையாது. இரண்டாவது கூட்டம் சுரப்பி எடுக்கப்பட்டது. கூண்டில் வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், உப்புத் தண்ணீர் ஒரு பாட்டில். மூன்றாவது கூட்டமும் அப்படித்தான், ஆனால் சில வாரம் கழித்து உப்புப் பாட்டிலை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

பாட்டில்களின் இடத்தை நான் தினமும் மாற்றி வைப்பேன். இடம் பழகிப்போய்க் குடிக்கக் கூடாது என்பதற்காக. அறுவை ஆன எலி எழுந்து வரும், ஒரு குழாயின் நுனியை நாக்கால் தொடும், அது வெறும் தண்ணீர் என்றால் உடனே விட்டுவிட்டு மற்றதுக்குப் போகும். பிறகு நிறுத்தாமல் குடிக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. வயிற்றைத் திறந்து மூடிய இரண்டாம் நாளிலிருந்தே அதற்குத் தெரிந்திருந்தது.

உப்புப் பாட்டிலை எடுத்த பிறகு நடப்பதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கூண்டுக் கம்பியை நக்கும். எங்கள் கை வியர்வை பட்டுக் காய்ந்த இடங்களாகப் பார்த்து நக்கும். பிறகு தட்டின் விளிம்பு. பிறகு முதுகை வளைத்து மூலையில் உட்கார்ந்துவிடும். நான்கு முதல் ஏழாம் நாளுக்குள் அது சாகும் நேரத்தை நான் குறிப்பேன்.

என் அறைத்தோழி திருநெல்வேலிப் பக்கம். நான் கோயம்புத்தூர். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து, முனிர்காவில் ஒரு ஜாட் குடும்பத்தின் வீட்டில் மாடி அறையைச் சேர்ந்து எடுத்தோம். கீழே முற்றத்தில் ஓர் எருமை கட்டியிருக்கும். வீட்டுக்காரம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாணி தட்டியபடியே எங்களை விசாரிப்பாள். ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பிரிப்பது என் தோழியின் வேலை. அதில் உள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளப்பது என் வேலை. ஃப்ளேம் என்று நாங்கள் சொல்லும் கருவியில் சிறு நீலச் சுடர் ஒன்று எரியும். திரவத்தை அது உறிஞ்சும்போது சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு சோடியம். விரலை நனைத்த தண்ணீரைக் காட்டினாலே போதும், சுடர் மஞ்சளாய்க் குதிக்கும். நம் உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது, எங்கே போனாலும் எப்படி உதிர்த்துக்கொண்டே போகிறோம் என்று அந்தச் சுடரைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் சோதிக்க, அளவு தெரிந்த ரத்த நீர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் குப்பி தீர்ந்துபோய், அடுத்தது இறக்குமதி அனுமதிக்காக எங்கோ கிடந்தது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியர். என் கையில் நரம்பு சுலபமாகக் கிடைக்காது. அவள் கையை நீட்டினாள். ஜனவரியில் இரண்டு வாரம் தொடர்ந்து அளந்தோம். புத்தகத்தில் போட்டிருப்பது போலவே வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் ரத்தம் எடுத்து, நீரைப் பிரித்து, சிறு குழாய்களில் உறைய வைத்து, 'நார்மல்' என்று எழுதி ஒட்டினோம். பையா அவளை நார்மல்ஜி என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவளும் நிமிர்ந்து சலாம் போடுவாள்.

ஏப்ரலில் அவள் கறுக்கத் தொடங்கினாள். டெல்லி வெயில் யாரைத்தான் விட்டது என்றிருந்தோம். ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாக அவள் அம்மா எழுதியிருந்தார். கடலை மாவைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, "கருவாடு கணக்கா ஆயிட்டேன்ட்டி. மாப்ள வீட்டுக்காரன் பாத்தாம்னா சட்டியில தூக்கிப் போட்டுருவான்" என்று சிரிப்பாள். ஆனால் வெயில் படாத இடங்களும் கறுத்தன. உள்ளங்கை ரேகைகள் பென்சிலால் இழுத்தது போலத் தெரிந்தன. முழங்காலில் இருந்த சின்ன வயதுத் தழும்பு கரி பூசியது போல ஆயிற்று. எடை குறைந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. கறுப்புக்கு வெயில், இளைத்ததற்கு டெல்லிச் சாப்பாடு, தலைசுற்றலுக்கு லூ, சோர்வுக்குக் கல்யாணக் கவலை.

உப்புக்கும் ஒரு காரணம் சொன்னோம்: வியர்க்கிறது அல்லவா. மாங்காயில் தொட்டுத் தின்னத் தொடங்கியவள், பிறகு மாங்காய் இல்லாமலே தின்றாள். ஊறுகாய் ஜாடியைச் சாய்த்து அடியில் நின்ற நீரைக் குடிப்பதை ஒருநாள் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தாள்.

மே முதல் வாரத்தில் 'நார்மல்' இறங்கத் தொடங்கியது. சோடியம் முதலில் கொஞ்சம் குறைந்தது, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். காய்ச்சி வடித்த நீரில் உப்பு கலந்துவிட்டது, அதனால் கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசலில் சோடியம் கூடிவிட்டது என்று முடிவுசெய்தோம்; நீர் வடிக்கும் கலன் பழையது. இன்னொரு பக்கம் பொட்டாசியம் ஏறியது. ஊசி மழுங்கிப்போய் ரத்த அணுக்கள் உடைகின்றன என்று அதற்கு வேறு காரணம் வைத்தோம். கரைசலைப் புதிதாகத் தயாரித்தோம், ஊசியை மாற்றினோம். எண்கள் திரும்பவில்லை. வடிகலனை மாற்றக் காசு வரும்வரை 'நார்மல்' எண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கருவியை நிறுத்திக்கொள் என்றார் பேராசிரியர். நான் திருகைத் திருப்பி முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வாரமும் திருப்பினேன். அதற்கும் அடுத்த வாரமும்.

அந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலை மூன்றாவது கூட்டத்தின் எட்டுக் கூண்டுகளிலிருந்து உப்புப் பாட்டில்களை எடுத்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து உப்பு டப்பாவையும் ஊறுகாய் ஜாடியையும் என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டும் ஒரே நாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். தலைசுற்றல் என்று அவர் சொன்னால் அம்மா முதலில் செய்வது உப்பு ஜாடியை எடுத்து ஒளிப்பதுதான். தலைசுற்றல் என்றால் அழுத்தம், அழுத்தம் என்றால் உப்பைக் குறை. அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்றுகூட நினைக்காமல், பயிற்சி பெற்ற நான் அதையே செய்தேன். உப்பு தின்றால் ரத்தம் கறுக்கும் என்று வீட்டுக்காரம்மாளும் சொல்லியிருந்தாள். சமையலிலும் பாதியாகக் குறைத்தேன்.

அவள் ஒரு தடவைதான் கேட்டாள், எங்கே வைத்தாய் என்று. ஒரு வாரம் பொறுத்துப் பார், எல்லாம் சரியாகும் என்றேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சரி என்று படுத்துக்கொண்டாள். புதன்கிழமை காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னல் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. அலுப்பில் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் புதிதாக ஒரு குழப்பம். அறுவையே ஆகாத முதல் கூட்டத்தை மாதத்துக்கு ஒரு தடவைதான் அளப்போம்; அன்று அதில் எல்லா எலிகளுக்கும் சோடியம் அதிகமாக வந்தது. பொட்டாசியம் குறைவாக வந்தது. நன்றாகத் தின்றுகொண்டு ஓடியாடும் எலிகள். எத்தனை தடவை அளந்தாலும் அதே எண்கள். அன்றைய எண்களை வழக்கம்போல என் கைப்பைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன். அவள் அன்று வேலைக்கு வரவில்லை. வாந்தி.

சனிக்கிழமை அரை நாள். இரண்டு மணிக்கு முனிர்கா திரும்பினேன். சந்துகளில் ஆள் நடமாட்டமே இல்லை; காற்று மட்டும் கதவுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வேப்ப நிழலில் எருமை நின்றது. அதன் தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு இந்துப்புக் கல் தொங்கும், மாடு நக்குவதற்காக வைத்தது. நக்கி நக்கி நடுவில் குழிந்து, கண்ணாடி போல வழவழத்திருக்கும். எருமை தன் பக்கம் நக்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் என் தோழி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லில் நாக்கை வைத்திருந்தாள். எருமை தலையை எடுத்தபோது கல் ஆடியது; இவள் கையால் பிடித்து நிறுத்தினாள். எருமைக்கு இவள் இருப்பது வித்தியாசமாகப் படவில்லை. இவளுக்கும் எருமை இருப்பது அப்படித்தான். அன்று புதிதாக வந்து உட்கார்ந்தவள் போல அவள் இல்லை.

"என்ன புள்ள பண்ற?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். வெட்கமோ திடுக்கிடலோ இல்லை.

"சீக்கிரம் வந்துட்டியா" என்றாள். பிறகு, "எருமைக்கு வேணுங்க மட்டும் வச்சிருக்காவ. நீதான் எனக்குத் தர மாட்டேங்க."

அவள் கண்களை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது: மூன்றாவது கூட்டத்தின் கூண்டுகளில். வீட்டுக்காரம்மாள் கதவிடுக்கில் நின்று, உன் சினேகிதி பாவ்லி ஆகிவிட்டாள், மூன்று நாளாக இப்படித்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பைத்தியம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். பதற்றம் வந்தால் எழுதுவது என் வழக்கம்.

ஒன்று: வடித்த நீர் கெட்டிருந்தால் சோடியம் குறையலாம். பொட்டாசியம் ஏன் ஏற வேண்டும்?
இரண்டு: ஊசி கெட்டிருந்தால் பொட்டாசியம் ஏறலாம். சோடியம் ஏன் குறைய வேண்டும்?
மூன்று: நல்ல எலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?

நான்காவதை எழுதவில்லை. திருகை எவ்வளவு திருப்பினேன் என்பது குறிப்பேட்டில் இருந்தது. அதைக் கழித்துவிட்டு, 'நார்மல்' குழாயின் உண்மையான எண்களை வாரவாரியாக ஒரு வரிசையில் எழுதினேன். பக்கத்து வரிசையில், உப்பை நிறுத்திய பிறகு மூன்றாவது கூட்டத்துக்கு வந்த எண்களை அதே கழிவோடு நாள்வாரியாக எழுதினேன். சோடியம் இறங்க இறங்கப் பொட்டாசியம் ஏறியது, இரண்டிலும். தலைப்பை மறைத்திருந்தால் எது எலி, எது அவள் என்று எனக்கே தெரிந்திருக்காது. எட்டுக் கூண்டுகளுக்குத் திங்கட்கிழமை காலை செய்ததைத்தான் அன்று மாலை இவளுக்குச் செய்திருக்கிறேன். இன்று ஐந்தாம் நாள்.

மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கி, கீழே கொண்டுவந்து நீட்டினேன். நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் குடித்தாள். பாதி வெளியே வந்துவிட்டது. எழுந்து நிற்க வைத்ததும் என் தோள்மேல் சரிந்தாள். முந்தைய மாதம் தூக்க முடியாதவளாக இருந்தவள், அன்று ஒரு மூட்டைத் துணி கனம்தான் இருந்தாள்.

ஆட்டோவில் போகும் வழியில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முனகிக்கொண்டே வந்தாள். நோய் என்று பெயர் வந்துவிட்டால் ஆவணியில் யாரும் வர மாட்டார்களாம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நாக்கைப் பார்த்தார், லூ அடித்திருக்கிறது என்றார், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். அன்று மட்டும் அப்படி இருபது பேர் வந்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. வெறும் தண்ணீர் கொடுத்தால் இவள் செத்துப்போவாள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் முறைத்தார். குறிப்பேட்டை மேசைமேல் விரித்து இரண்டு வரிசைகளையும் காட்டினேன். இது நோயாளி, இது எங்கள் எலிகள், சுரப்பி எடுத்தவை, உப்பு நிறுத்தி ஐந்து நாள் ஆனவை.

எலி என்றதும் பக்கத்து மேசையில் இருந்த பெண் டாக்டர் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து இரண்டு வரிசைகளையும் படித்தார். டார்ச் அடித்து அவள் வாயைத் திறக்கச் சொன்னார். கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் நீலக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக, பேனா மையைத் தொட்டு வைத்தது போல இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் படுத்தவள் நான், அதைப் பார்த்ததில்லை. அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு நர்ஸிடம் வேகவேகமாகப் பேசினார். உப்பு நீர் நரம்பில் ஏறியது. அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதை ஊசியாகப் போட்டார்கள். பழைய காசநோய் ஏதாவது சுரப்பியில் போய்த் தங்கி அதைத் தின்றிருக்கலாம் என்றார். அன்றிலிருந்து அவள் மாத்திரையில் இருக்கிறாள். மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: குழாய், திருகு, பெட்டி, பூட்டு, திங்கட்கிழமை. எதையும் விடவில்லை. அவள் உப்பு நீர் சொட்டும் கண்ணாடிக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுல எத்தன இருக்கு இப்பம்?"

"நேத்து மத்தியானம் மூணு இருந்துச்சு."

"நான் நாலாவது" என்றாள். சிரிக்கவில்லை. குப்பியிலிருந்து கண்ணை எடுத்து, "மூணுக்கும் உப்பு வச்சியாட்டி?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கருவியை மாற்றி வைத்த நாளிலிருந்து எல்லா எண்களும் பாழ், அந்தக் கூட்டத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், திங்கட்கிழமை பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு என்று இழுத்தேன்.

"அது வரைக்கும் இருக்குமா?"

விரல்விட்டு எண்ணினேன். நாளை ஏழாம் நாள்.

"அப்பம் இப்பமே போ."

ஆய்வகத்தின் பின்கட்டில்தான் பையா குடியிருந்தார். சாவியோடு வந்தவர், ஞாயிற்றுக்கிழமையில் என்ன என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். அறைக்குள் குளிர்விப்பான் நின்றுபோயிருந்தது. வைக்கோல் வாசனை கனமாக இருந்தது. பத்துப் பாலைவன எலிகளும் எழுந்து உட்கார்ந்து நாங்கள் போவதைத் தலை திருப்பிப் பார்த்தன. மூன்றாவது கூட்டத்தில் மூன்று இன்னும் இருந்தன. மூன்று உப்புப் பாட்டில்களை மாட்டினேன். ஒன்று உடனே வந்தது. இரண்டாவது தட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மூன்றாவது அசையவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

கூண்டைத் திறந்து விரலை உப்புத் தண்ணீரில் நனைத்து அதன் வாயருகில் வைத்தேன். பையா சுவரோடு ஒட்டி நின்றார். ஐந்தாறு தடவை அப்படி வைத்த பிறகு, வறண்ட சிறிய நாக்கு ஒன்று என் விரலைத் தொட்டது. பிறகு மறுபடி தொட்டது. அது விரலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நனைத்து நனைத்து வைத்தேன். அது எழுந்து பாட்டில் வரைக்கும் போகும்போது மணி ஒன்றரை.

பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றும் குடித்தன என்று சொன்னேன். மூன்றாவதுக்கு எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டாள். கையால் என்றேன்.

"கடிச்சிச்சா?"

"இல்ல."

"கடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.